அமிர்தாஞ்சன் பிறந்த கதை

நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் சம எடையாக வாங்கி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிக் குலுக்குங்கள். தண்ணீர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஊசி ஊசியாக இருக்கும் புதினா உப்பு முதலில் ஓரங்களில் கசியத் தொடங்கும். கற்பூரத் துண்டின் முனை மழுங்கும். இன்னும் கொஞ்ச நேரம் குலுக்கினால் புட்டிக்குள் கட்டி என்று எதுவும் இருக்காது. தெளிந்த எண்ணெய் போல ஒரு திரவம் நிற்கும். மூடியைத் திறந்து முகர்ந்தால் கண்ணில் நீர் வந்துவிடும்.

மெந்தால் என்று வேதியியலார் சொல்லும் புதினா உப்பு தனியாக இருந்தால் சுமார் 42 டிகிரி செல்சியஸில் உருகும். தைமால் என்கிற ஓம உப்பு 50 டிகிரி வாக்கில் உருகும். கற்பூரத்துக்கு 175 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒன்றோடொன்று சேர்ந்ததும் உருகுநிலை சரிந்து, நம் வீட்டுச் சூட்டிலேயே இளகிப் போகின்றன. மருந்து இடிப்பவர்களுக்கு இது வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. இன்றும் பல வீடுகளில் வலித் தைலம் இப்படித்தான் தயாராகிறது.

இந்தக் கைமருந்து அறிவை ஒரு சின்னப் புட்டிக்குள் அடைத்து நாடு முழுக்க அனுப்பியவர் ஒரு தெலுங்கு இளைஞர். ஆண்டு 1893. இடம் பம்பாய். அவருக்கு அப்போது வயது 26. அதே ஆண்டில் அதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து காந்தி தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். சில வாரங்கள் கழித்து விவேகானந்தர் சிகாகோவை நோக்கிப் புறப்பட்டார். அந்த இரு பயணங்களும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அந்த ஊரில் தொடங்கிய சிறு வியாபாரம் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தலைவலி என்றால் தைலம் என்று கூடச் சொல்லாமல் ‘அந்த அமிர்தாஞ்சனை எடு’ என்று சொல்லிப் பழகிய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அந்தப் புட்டிக்குப் பின்னால் இருந்த மனிதரை நாம் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை என்பது என் ஆதங்கம்.

கிருஷ்ணா மாவட்டத்தில் எலகுர்ரு என்ற கிராமம். 1867 மே 1-ஆம் தேதி அங்கே பிறந்தார் நாகேஸ்வர ராவ். மசூலிப்பட்டினத்தில் படித்துவிட்டு மேற்படிப்புக்குச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. அன்றைக்குப் பட்டம் வாங்கிய ஒருவருக்கு முன்னால் இருந்தவை இரண்டு மூன்று வழிகள்தான்: கச்சேரி உத்தியோகம், வக்கீல் தொழில், வாத்தியார் வேலை. அவர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போனார். கந்துகூரி வீரேசலிங்கம் தம் ‘விவேகவர்த்தினி’ இதழில் எழுதியவை அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தன. விதவை மறுமணத்துக்காக ஊரையே எதிர்த்து நின்றவர் வீரேசலிங்கம். படித்தவன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைத் தெலுங்கு இளைஞர்களிடம் விதைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சென்னையில் கொஞ்ச நாள் தொழில் பழகிப் பார்த்துவிட்டு நாகேஸ்வர ராவ் கல்கத்தாவுக்குப் போனார். மருந்து தயாரிக்கும் வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டார். கல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே படுகிறது. எஸ்.கே. பர்மன் என்ற வைத்தியர் 1884-இல் தொடங்கிய டாபர் அந்த ஊரில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் பெங்கால் கெமிக்கல்ஸுக்கு அடிக்கல் நாட்டியதும் அங்கேதான். இந்தியர்கள் தங்கள் மருந்தைத் தாங்களே புட்டியில் அடைத்து, தங்கள் பெயரை ஒட்டி விற்கலாம் என்ற துணிச்சல் முதலில் பிறந்த நகரம் அது. சுதேசி என்ற முழக்கம் எழுவதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

பிறகு பம்பாய். வில்லியம் கம்பெனி என்ற ஐரோப்பியர் நிறுவனத்தில் வேலை. சிப்பந்தியாகச் சேர்ந்தவர் உழைப்பால் முதலாளியின் நம்பிக்கையைப் பெற்று, நாளடைவில் அந்தத் தொழிலுக்கே உரிமையாளராக உயர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மருந்து செய்யத் தெரியும், கணக்கு வழக்கு தெரியும், ஊருக்கு ஊர் சரக்கு போகும் வழியும் தெரியும். இந்த மூன்றும் கைவந்த பிறகுதான் அவர் சொந்தமாக ஒரு வலி நிவாரணியில் இறங்கினார்.

அந்தத் தைலத்தின் பக்குவமும் அளவும் நிறுவனத்தின் சொத்து. ஆனால் இந்த வகைத் தைலங்கள் எல்லாவற்றிலும் வரும் சரக்குகள் நமக்குத் தெரிந்தவையே: கற்பூரம், மெந்தால், தைமால், நீலகிரித் தைலம், கந்தபூரத் தைலம். இவை 1890-களில் எங்கெங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தபோது, இப்படியொரு புட்டி பம்பாய் போன்ற ஒரு துறைமுக ஊரில்தான் பிறந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

கற்பூரம் அப்போது பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தது. கற்பூர மரத்தைச் சீவி, ஆவியில் வேகவைத்து வடிப்பார்கள். கோயிலில் ஆரத்தி காட்டும் நமக்கு அது தெய்வீகச் சரக்கு. அன்றைய மேற்கு நாடுகளுக்கோ அது செல்லுலாய்டு செய்யும் மூலப்பொருள். உலகமே கற்பூரத்துக்குப் போட்டி போட்ட காலம் அது. 1895-இல் தைவான் ஜப்பான் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் கற்பூர வியாபாரம் முழுவதையும் ஜப்பான் அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்தது. மெந்தாலும் அப்போது ஜப்பான் சரக்குதான். புதினாத் தைலத்தைக் குளிரவைத்துப் படிகமாக்கி அனுப்பினார்கள். இன்று நிலைமை தலைகீழ்: உலகத்தில் புழங்கும் இயற்கை மெந்தாலில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்துப் புதினா வயல்களிலிருந்து போகிறது.

ஓமத்தின் கதை மனத்தை உறுத்துவது. ஓமம் நம் வயலில் விளைந்தது. அது மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாகப் பிரித்தெடுக்கப்பட்டு, விலை ஏறித் திரும்பி வந்தது. முதல் உலகப் போர் மூண்டு ஜெர்மனியின் வாசல் அடைபடும்வரை இதுதான் நடந்தது. பருத்தி லங்காஷயருக்குப் போய் மல்துணியாகத் திரும்பியதை எல்லாரும் பேசுகிறோம். ஓமமும் அதே வழியில்தான் போய் வந்தது.

யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். 1840-களில் விறகுத் தேவைக்காக நீலகிரியில் நடப்பட்டது. அதன் இலையிலிருந்து வடித்த எண்ணெய்க்கு அந்த மலையின் பெயரே நிலைத்துவிட்டது. அதே மலைச் சரிவுகளில் தானாக வளரும் ஒரு புதர்ச் செடியின் இலையிலிருந்துதான் கந்தபூரத் தைலம். சுளுக்குக்குத் தேய்க்கும் எந்தக் களிம்பிலும் மூக்கில் முதலில் ஏறும் வாசனை அதுதான்.

இவ்வளவும் சேர்த்தால் திரவம்தான் கிடைக்கும். நெற்றியில் தடவினால் கண்ணுக்குள் வழியும். அது களிம்பாக வேண்டும். பழைய நாளில் களிம்புக்குக் கொழுப்பு, வெண்ணெய், தேன்மெழுகு என்று எதையாவது சேர்ப்பார்கள். பம்பாய்ப் புழுக்கத்தில் கொழுப்பு நாளானால் சிக்குப் பிடித்து நாறும். அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் பெட்ரோலியக் கசடிலிருந்து வாஸ்லீன் எடுத்துக் காப்புரிமை வாங்கியது 1872-இல். கெட்டுப்போகாத, மணம் இல்லாத, மிருகக் கொழுப்பு என்ற சங்கடமும் இல்லாத ஒரு களிம்பு அடிப்படை உலகச் சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆக, 1890-களில் இப்படி ஒரு வலித் தைலம் செய்ய வேண்டிய அறிவும் சரக்கும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தன. வட கரோலினாவில் லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருந்துக் கடைக்காரர் பின்னாளில் விக்ஸ் ஆகப்போகும் களிம்பைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதே காலம். ரங்கூனில் ஒரு சீன வைத்தியரின் குடும்பம் கலந்துகொண்டிருந்த தைலம் பிறகு டைகர் பாம் என்ற பெயரில் பர்மா, மலேயாத் தமிழர்களின் பெட்டிகளில் ஊர் வந்து சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் குளிர்ச்சியை உணர்கிற நரம்பு முனைகளில் ஒரு வாயில் இருக்கிறது. குளிர் பட்டால் அது திறக்கும். மெந்தால் பட்டாலும் திறக்கும். உடம்புச் சூடு ஒரு டிகிரிகூடக் குறையாமலே மூளைக்குக் ‘குளிர்’ என்ற சேதி போகிறது. அந்தச் சேதி வலியின் சேதியை அமுக்குகிறது. இந்த வாயிலைக் கண்டுபிடிக்க டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபுட்டியன் இருவரும் தனித்தனியே கையில் எடுத்த பொருள் மெந்தால்தான். 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. கைக்குழந்தைகளின் மூக்கருகே கற்பூரமும் மெந்தாலும் உள்ள எதையும் தடவக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன். மூச்சுத் திணறல் வரக்கூடும்.

சரக்கு தயார். விற்பது எப்படி? பம்பாயில் ஓர் ஆந்திரர் செய்த புதுத் தைலத்தை யார் நம்புவார்கள்? நாகேஸ்வர ராவ் இசைக் கச்சேரிகளுக்குப் போய், வந்திருந்தவர்களுக்கு இலவசமாகத் தைலத்தைக் கொடுத்தார். அமிர்தாஞ்சனின் கதையைச் சொல்கிற எல்லாரும் இந்தச் செய்தியை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரியில்தான் முழு மனிதரும் தெரிகிறார்.

யோசித்துப் பாருங்கள். கச்சேரி என்றால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். காற்று ஓடாத கூடம், விளக்கின் சூடு, பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நூறு பேர். கழுத்து பிடிக்கும், இடுப்பு கடுக்கும், நெற்றி தெறிக்கும். வலி இருக்கும் இடத்துக்கே மருந்து போனது. லேகியமோ டானிக்கோ என்றால் பலன் தெரிய ஒரு மண்டலம் ஆகும், கொடுத்தவரை அதற்குள் மறந்துபோவார்கள். தைலம் அப்படியல்ல. தடவிய இரண்டாம் நிமிடம் சில்லென்று ஏறும். அடுத்த பாட்டு முடிவதற்குள் தலை லேசாகும். ஒருவர் நெற்றியில் தடவினால் சுற்றியிருக்கும் பத்துப் பேருக்கு வாசனை போகும், ‘என்ன அது?’ என்று கேட்பார்கள். கச்சேரிக்கு வருகிறவர்கள் நாலு பேரோடு பழகுகிறவர்கள், மறுநாள் நாலு இடத்தில் பேசுகிறவர்கள். பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தாலும் இது கிடைக்காது.

வியாபார தந்திரம் என்று இதைச் சொல்லலாம். சொன்னால் தவறில்லை. ஆனால் அவருடைய பின்னாள் வாழ்க்கையை வைத்துப் பார்க்கும்போது, அது அவர் கையின் சுபாவம் என்றே நான் நினைக்கிறேன். முதலில் கொடுப்பார். பலன் தெரிந்தவர்கள் தாமாக வாங்க வருவார்கள். சம்பாதித்து முடித்த பிறகு தர்மம் செய்யத் தொடங்கியவர்கள் உண்டு. நாகேஸ்வர ராவ் விஷயத்தில் சம்பாத்தியமே கொடுப்பதில்தான் ஆரம்பித்தது.

தைலம் காசைக் கொண்டுவந்தது. அந்தக் காசு எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கதையின் பெரிய பகுதி.

1907-இல் சூரத் காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று உடைந்தது. பம்பாயில் வாழ்ந்தவருக்கு, மராத்தியில் திலகரின் ‘கேசரி’ செய்வதைத் தெலுங்கில் செய்ய ஒரு பத்திரிகை இல்லையே என்ற குறை இருந்தது. அடுத்த ஆண்டே ‘ஆந்திர பத்திரிகா’ என்ற வார இதழைத் தொடங்கினார். பம்பாயில் உட்கார்ந்துகொண்டு தெலுங்குப் பத்திரிகை! வாசகர்கள் எல்லாரும் இருந்தது சென்னை மாகாணத்தில். லாபத்தை நினைத்துச் செய்கிற காரியமா இது? ஆண்டுதோறும் யுகாதிக்கு அது வெளியிட்ட சிறப்பிதழ்கள் தெலுங்கு இலக்கிய வரலாற்றில் தனி இடம் பெற்றவை. நமக்குத் தீபாவளி மலர் எப்படியோ, அவர்களுக்கு அந்த யுகாதி மலர் அப்படி.

1914-இல் பத்திரிகையைச் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். அமிர்தாஞ்சனும் கூடவே வந்து சேர்ந்தது. காளிகாம்பாள் கோயில் இருக்கும் தம்புச் செட்டித் தெருவிலிருந்து தெலுங்கு நாட்டின் செய்தியும் தலைவலித் தைலமும் புறப்பட்டுப் போயின. பத்திரிகை நஷ்டப்பட்டால் தைலம் தாங்கியது. தைலத்துக்குப் பத்திரிகை விளம்பரம் தந்தது. ஒரு கை மற்றொரு கையைக் கழுவியது, இரண்டும் சேர்ந்து ஊருக்குச் சோறு போட்டன.

1924-இல் ‘பாரதி’ என்ற இலக்கிய மாத இதழ். தெலுங்கில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர், புதுக்கவி, பழம்புலவர் யாராக இருந்தாலும் ‘பாரதி’யில் அச்சேறினால்தான் அங்கீகாரம் என்ற நிலை உருவானது. 1926-இல் ‘ஆந்திர கிரந்தமாலா’ என்ற நூல் வரிசை. நல்ல நூல்களைச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். பால்குரிகி சோமநாதரின் ‘பசவ புராணம்’ இந்த வரிசையில் வந்தது. நம் அறுபத்துமூவர் சிலரின் கதைகளைத் தெலுங்கு மக்களுக்குச் சொன்ன பழைய நூல் அது. சிறுத்தொண்டரும் கண்ணப்பரும் தெலுங்கு வீடுகளுக்கு மலிவு விலையில் போய்ச் சேர்ந்ததில் ஒரு தைலப் புட்டிக்குப் பங்கு உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கொமர்ராஜு லட்சுமண ராவ் என்ற பேரறிஞர் தெலுங்கில் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, சில தொகுதிகள் மட்டுமே வெளியான நிலையில் 1923-இல் காலமானார். நின்றுபோன அந்த வேலையை நாகேஸ்வர ராவ் தோளில் ஏற்றிக்கொண்டு மீண்டும் வெளியிட முனைந்தார். ‘அபிதான சிந்தாமணி’யைத் தொகுத்துவிட்டு அச்சிட வழி தெரியாமல் நின்ற சிங்காரவேலு முதலியாருக்குப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தது நமக்குத் தெரியும். தேவர் ஜமீன்தார். நாகேஸ்வர ராவ் சில்லறை வியாபாரத்தில் புட்டி புட்டியாகச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்தவர். இரண்டு கொடையும் பெரிதுதான். இரண்டாவதற்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே தலைவணங்குவேன்.

நூல் நிலையங்களுக்குக் கொடுத்தார். மாணவர்களுக்குக் கொடுத்தார். கதர் இயக்கத்துக்கும் காங்கிரசுக்கும் கொடுத்தார். மக்கள் அவரை ‘விசுவதாதா’ என்றார்கள், ‘தேசோத்தாரக’ என்றார்கள். ஆந்திர மாகாண காங்கிரசுக்குத் தலைவராக இருந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் அறுபதைக் கடந்த வயதில் சிறைக்குப் போனார். தொழிலும் பத்திரிகையும் வெளியே நடக்க, உள்ளே உட்கார்ந்து பகவத் கீதைக்குத் தெலுங்கில் விளக்கம் எழுதினார். 1935-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் ‘கலாபிரபூர்ண’ பட்டம் அளித்தது.

அவருடைய மயிலாப்பூர் வீட்டுக்கு ‘ஸ்ரீ பாக்’ என்று பெயர். வீடு என்பதைவிடச் சத்திரம் என்று சொல்லலாம். தலைவர்கள், எழுத்தாளர்கள் என்று வருவோர் போவோர் ஓயாத இடம். 1937 நவம்பர் 16-ஆம் தேதி கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் அந்த வீட்டில்தான் கூடினார்கள். தனி மாநிலம் கேட்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து. ஆனால் கடலோரத்தார் தங்களை விழுங்கிவிடுவார்கள் என்று ராயலசீமைக்காரர்களுக்கு அச்சம். பல்கலைக்கழகம் எங்கே, தலைநகரும் உயர்நீதிமன்றமும் எங்கெங்கே, ஆற்று நீரில் யாருக்கு முதல் உரிமை என்று பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன் பெயரே ‘ஸ்ரீ பாக் ஒப்பந்தம்’. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது தலைநகர் கர்னூலுக்கும் உயர்நீதிமன்றம் குண்டூருக்கும் போனதற்கு வேர் இங்கே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஆந்திராவில் மூன்று தலைநகர் சர்ச்சை கிளம்பியபோதும் சட்டமன்றம்வரை இந்த ஒப்பந்தத்தின் பெயர் அடிபட்டது. ஒரு மாநிலத்தின் பங்காளிப் பேச்சு மயிலாப்பூரில், தைல வியாபாரி ஒருவரின் கூடத்தில் நடந்தது என்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

அதற்கு ஐந்தே மாதங்களில், 1938 ஏப்ரல் 11-ஆம் தேதி, நாகேஸ்வர ராவ் காலமானார். வயது 70. அன்றைய இந்தியாவில் அது நீண்ட ஆயுள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1936-இல், அமிர்தாஞ்சனை லிமிடெட் கம்பெனியாக மாற்றி ஒழுங்குபடுத்தியிருந்தார். இதைச் சிறு விஷயமாக நான் நினைக்கவில்லை. கையை விரித்துக் கொடுத்தவர்களின் வீட்டில், அவர்கள் கண்மூடியதும் கடனும் வழக்கும் மிஞ்சுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் ஊருக்கும் கொடுத்தார், வீட்டுக்கும் ஒரு தொழிலை நிலைநிறுத்திவிட்டுப் போனார். பொறுப்பை ஏற்றவர் மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத். தைலம், நாளிதழ், இலக்கிய இதழ் மூன்றையும் சேர்த்துக் கட்டிக் காத்தார். மாமனார் வாழ்நாளில் நஷ்டத்தில் நடத்தியதை மருமகன் கணக்குப் பார்த்து இழுத்து மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. 1972-இல் அவர் மறையும்வரை அந்தப் பத்திரிகைகளை நடத்தினார். நம் ஓவியர் பாபுவின் இணைபிரியா நண்பரான தெலுங்கு எழுத்தாளர் முள்ளபூடி வெங்கட ரமணா சில காலம் வேலை பார்த்தது ‘ஆந்திர பத்திரிகா’ அலுவலகத்தில்தான். நாளிதழ் 1991-இல் நின்றுபோனது.

தைலம் நிற்கவில்லை. 2007-இல் நிறுவனத்தின் பெயர் அமிர்தாஞ்சன் ஹெல்த்கேர் என்று மாறியது. உருட்டித் தேய்க்கும் குப்பி, மூட்டுவலிக் களிம்பு, பெண்களுக்கான நாப்கின் என்று சரக்குகள் பெருகிவிட்டன. ஆனாலும் மக்கள் பெயர் சொல்லிக் கேட்பது அந்த மஞ்சள் தைலத்தைத்தான். தலைமை அலுவலகம் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருக்கிறது. குடும்பத்தார்தான் இன்றும் நடத்துகிறார்கள்.

அதே சாலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், இறகுப் பந்து ஆடுகிறவர்கள், சதுரங்கப் பலகையைச் சுற்றி நிற்கிறவர்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம். சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் மரத்தடியில் பாடும் கச்சேரி அங்கே மாதந்தோறும் நடப்பது வழக்கம். அந்தப் பூங்காவுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வரும் நண்பர்களிடம் ‘யார் இந்த நாகேஸ்வர ராவ்?’ என்று கேட்டிருக்கிறேன். ‘யாரோ பழைய கவுன்சிலரா இருப்பார்’ என்பதுதான் அனேகமாகக் கிடைத்த பதில்.

‘ஆந்திர பத்திரிகா’, ‘பாரதி’ இதழ்களின் பழைய தொகுப்புகளை ஆந்திரப் பத்திரிகை அகாதெமி மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் அன்றைய சென்னையும் இருக்கிறது, அதன் தெருக்களும் சபாக்களும் அரசியலும் இருக்கின்றன. தெலுங்கு படிக்கத் தெரிந்து தமிழில் எழுதவும் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களில் ஒருவர் அந்தப் பக்கங்களைப் புரட்டி, நாகேஸ்வர ராவின் வாழ்க்கையை முழு நூலாகத் தமிழில் எழுதித் தர வேண்டும். எழுதுகிறவருக்குப் பதிப்பாளரும் வாசகரும் துணைநிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.